சட்டைப் பைக்குள் புகுந்த ரேடியோ!

ஒரு காலத்தில் ரேடியோ என்றால் பெரிய மரப்பெட்டி. கூடத்தில் மேஜை மீது இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் அதன் முன் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள்.

அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. காரணம், உள்ளே இருந்த வால்வுகள். வால்வு என்பது கண்ணாடிக் குழாய். சூடு ஏறினால்தான் வேலை செய்யும். அதற்கு மின்சாரம் நிறைய வேண்டும். கீழே விழுந்தால் உடைந்துவிடும்.

1947-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் "டிரான்சிஸ்டர்" பிறந்தது. வால்வு செய்த வேலையை இந்தச் சின்னஞ்சிறு பொருள் செய்தது. சூடேற வேண்டியதில்லை. சிறிய பாட்டரியே போதும்! இதைக் கண்டுபிடித்த பார்டீன், பிராட்டன், ஷாக்லி ஆகிய மூவருக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது.

20 பேர் கம்பெனி

ஜப்பான் யுத்தத்தில் தோற்ற மறு ஆண்டு, 1946. குண்டு வீச்சில் சிதைந்து கிடந்த டோக்கியோ நகரில் இபுக்கா, மொரிட்டா என்ற இருவர் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். வேலை பார்த்தவர்கள் சுமார் 20 பேர்தான்.

1953-ல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுடன் ஒப்பந்தம் செய்து, டிரான்சிஸ்டர் தயாரிக்கும் உரிமையைப் பெற்றார்கள். விலை 25 ஆயிரம் டாலர்! "காது கேளாதோர் கருவிக்குத்தான் இது பயன்படும்" என்று அமெரிக்கர்கள் சொன்னார்கள். இபுக்கா கேட்கவில்லை. ரேடியோதான் செய்வது என்று முடிவு கட்டினார்.

அமெரிக்காவில் "ரீஜன்சி" என்ற டிரான்சிஸ்டர் ரேடியோ 1954-ல் முந்திக்கொண்டது. மறு ஆண்டே ஜப்பான் ரேடியோவும் வந்தது. அதில் பொறித்த பெயர்: "சோனி".

"வேண்டாம்" என்றார்!

1955-ல் ரேடியோவுடன் நியூயார்க் போனார் மொரிட்டா. "புலோவா" என்ற பெரிய கம்பெனி, 1 லட்சம் ரேடியோ வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை. ரேடியோவில் "புலோவா" என்ற பெயர்தான் இருக்கவேண்டும்!

கம்பெனியின் மூலதனத்தைவிடப் பெரிய ஆர்டர் அது. "ஒப்புக்கொள்ளுங்கள்" என்று டோக்கியோவில் இருந்தவர்கள் சொன்னார்கள். மொரிட்டா மறுத்துவிட்டார். சொந்தப் பெயரை விட்டுக்கொடுத்தால், என்றைக்கும் மற்றவர்களுக்குச் செய்து கொடுக்கும் பட்டறையாகவே இருக்க வேண்டியதுதான் என்பது அவர் எண்ணம்.

பை பெரிதாயிற்று!

1957-ல் "சட்டைப் பை ரேடியோ" விற்பனைக்கு வந்தது. ஆனால் சாதாரணச் சட்டைப் பைக்கு அது கொஞ்சம் பெரிது! உடனே விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்துச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள்.

1958-ல் கம்பெனியின் பெயரே "சோனி" என்று மாறியது. 1960-ல் 8 அங்குலத் திரை கொண்ட, கையில் தூக்கிப் போகும் டெலிவிஷன் வந்தது.

1979 ஜூலையில் "வாக்மேன்" வந்தது. நடந்துகொண்டே காசெட் பாட்டுக் கேட்கும் கருவி. விலை 33 ஆயிரம் யென். "ரிக்கார்டு செய்ய முடியாத கருவியை யார் வாங்குவார்கள்?" என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். முதல் மாதம் விற்றது சுமார் 3 ஆயிரம்தான். ஆனால் ஆகஸ்டு முடிவதற்குள், தயாரித்த 30 ஆயிரமும் தீர்ந்துவிட்டன!

இன்று ரேடியோ, டெலிவிஷன், பாட்டுப் பெட்டி மூன்றும் ஒரே செல்போனுக்குள் அடங்கிவிட்டன. புதுப்புதுக் கருவிகள் வந்து பழையவை மறைந்தன. ஆனால், 1 லட்சம் ரேடியோ ஆர்டருக்கும் விட்டுக்கொடுக்காத அந்தப் பெயர் மறையவில்லை!