இரும்பின் முணுமுணுப்பு

சுன்னாகம் சந்தையிலே சட்டிபானை வாங்கும் தாய்மார், விரலை மடக்கித் தட்டிப் பார்த்த பின்னரே விலை பேசுவர். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல் உண்டு. பொருளைக் குலைக்காமலே உட்குற்றத்தை அறியும் இத்தகைய உபாயத்தைப் பொறியியலார் 'சிதைக்காச் சோதனை' என்பர். உருக்கைச் சோதிக்கவும் அவ்வாறு வழிகள் பல. அவற்றுள், தட்டாமலே இரும்பைப் பேசவைக்கும் முறை ஒன்றுண்டு.

ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் மின்பொறியியற் பேராசிரியராயிருந்த ஹைன்றிக் பார்க்கவுசன் 1919ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். இரும்பைச் சுற்றிக் கம்பிச் சுருளொன்றை அமைத்து, அக்காலத்திற் புதிதாய் வந்த வால்வுப் பெருக்கியோடு இணைத்தார். காந்தத்தை மெல்ல அருகே கொணர்ந்தபோது, மணல் சொரிவது போன்ற சரசரப்புக் கேட்டது. (முதலாம் உலகப் போரில் ஒற்றுக்கேட்கப் பயன்பட்ட பெருக்கிகளில், வானவெளியிலிருந்து வந்த விசித்திரமான சீழ்க்கையொலியைக் கேட்டு அறிவித்தவரும் இவரே. கூரிய செவி வாய்த்தவர் போலும்!)

காரணம் யாது? இரும்பினுள்ளே எண்ணற்ற சிறு பகுதிகள் உள. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையிற் காந்தமேறியிருக்கும். இக்கருத்தை 1907இலேயே வைஸ் என்னும் அறிஞர் கூறியிருந்தார். வெளிக்காந்தம் நெருங்கும்போது அதற்கு இசைவான பகுதிகள் அயற்பகுதிகளை விழுங்கி வளர, அவற்றின் எல்லைகள் நகர்கின்றன. வழியிலோ மாசுகளும் படிக ஒழுங்கீனங்களும் குறுக்கிடுகின்றன. கிடுகு வேலியிற் சிக்கிய சேலைத் தலைப்பு, இழுக்க இழுக்க நின்று பின் சடக்கென விடுபடுவது போல, அவ்வெல்லைகளும் தடைப்பட்டு நின்று துள்ளுகின்றன. ஒவ்வொரு துள்ளலும் சுருளில் ஒரு நுண்ணிய மின்துடிப்பு.

இன்றைய காந்த இரைச்சல் உணரி இதன் வழிவந்ததே. லாட வடிவ மின்காந்தத்தின் இரு கால்களும் உருக்கின்மீது நிற்கும். இடையில் ஒரு சிறு சுருள் செவியாக அமையும். ஆழத்திலிருந்து வரும் ஒலியை உலோகத்தில் எழும் சுழிமின்னோட்டம் அடக்கிவிடுவதால், ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் ஆழம்வரையே கேட்கலாம். குறைதானே என எண்ணற்க. உருக்கின் களைப்பு பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தொடங்குகின்றது.

மென்மையான உருக்கு மிகுதியாக முணுமுணுக்கும், கடினமாக்கியது அடங்கியிருக்கும். பற்சில்லொன்றைச் சாணைபிடிக்கையிற் சூடு மிஞ்சினால், அவ்விடம் இளகி இரைச்சல் கூடும். கண்ணுக்கோ யாதும் தோன்றாது. இழுவிசை இரைச்சலைக் கூட்டும், அமுக்கம் குறைக்கும்.

தண்டவாளத்தின் அருமை எமக்குத் தெரியாததன்று. 1905இற் காங்கேசன்துறைவரை முழுமையடைந்த வடபகுதிப் பாதையில் 1990இல் யாழ்ப்பாணச் சேவை நின்றது. 2014 ஒக்டோபரிலேயே புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. நீளமாக ஒட்டிய தண்டவாளம் கடும் வெயிலில் விரிய இடமின்றி அமுக்கமுற்று, ஒருநாள் பாம்புபோல் நெளியக்கூடும். வண்டி தடம்புரள அது போதும். அவ்வமுக்கத்தை முன்கூட்டியே அளக்க, ஹங்கேரியில் இம்முறையிற் கருவியொன்று ஆக்கப்பட்டது.

கடலுக்கு அக்கரையில், சென்னைக்குத் தெற்கேயுள்ள கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தில், பல்தேவ் ராஜ், ஜெயக்குமார் முதலியோர் 1990களில் இத்துறையில் ஆழ்ந்து உழைத்தனர். அவர்கள் ஆராய்ந்த குறோமியம் கலந்த உருக்கு, நீராவி ஆக்கிகளின் குழாய்களுக்கு உரியது. விரைவு அணுவுலையில் அக்குழாய்ச் சுவரின் ஒருபுறம் உருகிய சோடியம், மறுபுறம் நீர். இரண்டும் கலந்தால் என்னாகும் என்பதை இரசாயன மாணவர் அறிவர். நெடுநேரம் சூடேற்றிய உருக்கினுள்ளே காபைட்டுத் துணிக்கைகள் பருக்க, ஒற்றை முகடாயிருந்த இரைச்சல் வரைபு இரு முகடாகப் பிரிவதை அவர்கள் கண்டனர்.

இக்கருவி ஒன்றே போதுமென யாரேனும் கூறின் நம்பவேண்டாம். இரைச்சல் குறைந்தது கடினத்தாலா, அமுக்கத்தாலா? அதே உருக்கின் மாதிரித் துண்டை வைத்து ஒப்பிட்டே தெளியவேண்டும். ஆழமான வெடிப்புக்குக் கழியொலிச் சோதனையே வேண்டும். செம்பும் அலுமினியமும் வாயே திறவா.

மாணவர் இதனைப் பள்ளி ஆய்வுகூடத்திலேயே கேட்கலாம். மெல்லிய பூச்சுக் கம்பியைச் சில ஆயிரம் சுற்றுச் சுற்றி, உள்ளே பழைய மின்மாற்றித் தகட்டின் கீற்றொன்றை வைத்து, ஒலிபெருக்கியின் மைக் வாயிலில் இணைக்குக. காந்தத்தை ஆறுதலாக நகர்த்துக. விரைந்து ஆட்டினால் துள்ளல்கள் யாவும் ஒரே இரைச்சலாகக் கலந்துவிடும். பின்பு தகட்டை எடுத்துவிட்டு, செப்புக் கம்பியொன்றை வைத்துப் பார்க்க.