தொங்கான்கள் போன ஆறு

சிங்கப்பூர் ஆற்றோரம் இன்று மாலை நடை போகிறவர்களுக்கு அந்தப் பழைய நாற்றம் தெரிய வாய்ப்பில்லை. பத்தே ஆண்டில் ஆறு சுத்தமாக வேண்டும் என்றார் பிரதமர் லீ குவான் யூ, அது 1977. பன்றிப் பண்ணைகள், படகுப் பட்டறைகள், தெருவோரக் கடைகள் எல்லாம் இடம் மாறின. 1983இல் தொங்கான்கள் எனப்பட்ட சரக்குப் படகுகளும் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. ஆதியில் இந்த ஆற்றில் படகு வலித்தவர்களில் சூலியாக்கள் எனப்பட்ட நம் தமிழ் முஸ்லிம்கள் ஏராளம், தெரியுமோ? 2008இல் மரினா அணைக்கட்டு வந்தது. ஆறு போய்ச் சேரும் உப்புநீர் விரிகுடா நன்னீர்த் தேக்கமானது. அணைக் கட்டடத்தின் கூரை முழுக்கப் புல்வெளி. வார இறுதியில் அங்கே குடும்பம் குடும்பமாகப் பட்டம் விடுகிறார்கள். போனால் தொப்பியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று அப்படி!