நிற்கத் தெரிந்த செல்

ரொட்டி மாவைப் பொங்க வைப்பதும் பனங்கள்ளை நுரைக்க வைப்பதும் ஒரே உயிர்தான். அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ஈஸ்ட் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு செல்லின் குறுக்களவு சுமார் 5 மைக்ரோமீட்டர். இருநூறு செல்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். சர்க்கரையும் 30 டிகிரி சூடும் கிடைத்துவிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும்.

இவ்வளவு வேகமாகப் பெருகும் உயிரைப் பார்த்தால், அதைப் பிரியச் சொல்லி விரட்டுவது எது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். ஆராய்ச்சியாளர்களும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினார்கள். ஆனால் அரை நூற்றாண்டுத் தேடலில் கிடைத்த முக்கியமான புரதங்களில் பல, செல்லைப் பிடித்து நிறுத்துகிறவையாக இருந்தன. எப்போது பிரியக் கூடாது என்பது ஈஸ்ட்டுக்கு நன்றாகத் தெரியும். புற்றுநோய்ச் செல்லுக்கு மறந்துபோவதும் அதுதான்.

முதலில், பிரிவு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். முட்டை வடிவச் செல்லின் ஓரத்தில் ஒரு சிறு புடைப்பு எழும். அதுதான் மொட்டு. மொட்டு எங்கே முளைக்க வேண்டும் என்று இடம் குறிப்பது சிடிசி42 என்ற புரதம். செல் சவ்வின் உட்புறத்தில் அது ஓரிடத்தில் திரண்டு நிற்கும். அந்த இடத்தை நோக்கி ஆக்டின் இழைகள் வழியே புதுச் சுவருக்கான சரக்கு வந்து இறங்கும். தாய்க்கும் மொட்டுக்கும் நடுவே உள்ள கழுத்தில் செப்டின் என்ற புரதங்கள் வளையமாக அமர்ந்துகொள்ளும். மொட்டு வளர வளர, உள்ளே 16 குரோமோசோம்களும் நகலாகும். செல்லின் கரு நீண்டு கழுத்துக்குள் புகுந்து, ஒரு முழுப் பிரதியை மொட்டுக்குள் சேர்க்கும். கடைசியாக ஆக்டினும் மயோசினும் சேர்ந்த வளையம் கழுத்தைச் சுருக்க, கைட்டினால் ஆன தடுப்புச் சுவர் எழும்பி இரண்டும் தனித்தனியாகும்.

மகள் பிரிந்துபோன இடத்தில் தாயின் சுவரில் வட்டமாக ஒரு தழும்பு தங்கிவிடும். கால்கோஃப்ளூர் என்ற சாயத்தைச் சேர்த்துப் புற ஊதா ஒளியில் பார்த்தால் தழும்புகள் நீல வளையங்களாக ஒளிரும். அவற்றை எண்ணினால் அந்தத் தாய் எத்தனை முறை பெற்றது என்று சொல்லிவிடலாம். சராசரியாக 20, 25 மகள்களுக்குப் பிறகு தாய் ஓய்ந்துவிடும். மகளுக்கோ கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

மொட்டின் அளவைப் பார்த்தே செல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியும். மொட்டு இல்லையென்றால் இன்னும் தொடங்கவில்லை. சின்ன மொட்டு என்றால் டி.என்.ஏ. நகலாகிக்கொண்டிருக்கிறது. பெரிய மொட்டு என்றால் குரோமோசோம்கள் பிரியும் நேரம். அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த லேலண்ட் ஹார்ட்வெல் 1970 வாக்கில் இந்த வசதியைப் பிடித்துக்கொண்டார். மரபணுவில் பழுது ஏற்படுத்திய ஈஸ்ட்களை வளர்த்து, 23 டிகிரியில் ஒழுங்காக வளர்ந்து 36 டிகிரியில் முடங்கிப்போகிறவற்றைப் பொறுக்கியெடுத்தார். பழுதான புரதம் மிதமான சூட்டில் எப்படியோ சமாளிக்கும். சூடு ஏறினால் குலைந்துவிடும். முடங்கியவற்றில் பெரும்பாலானவற்றின் செல்கள் கண்டபடி நின்றிருந்தன. சில வகைகளில் மட்டும் அத்தனை செல்களும் ஒரே கட்டத்தில் நின்றன. ஒரு வகையில் எல்லாவற்றுக்கும் பெரிய மொட்டு. இன்னொன்றில் ஒன்றுக்குக்கூட மொட்டில்லை. எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகவிடும் மரபணுதான் பழுது. 1973க்குள் இப்படி 32 மரபணுக்களை அவர் குழு இனம்பிரித்துவிட்டது. எல்லாவற்றுக்கும் சிடிசி என்று பெயர் வைத்து எண் கொடுத்தார்கள்.

அவற்றில் சிடிசி28 தனியானது. அது கெட்டால் செல் மொட்டே விடாது. பிரிவின் வாசலிலேயே நின்றுவிடும். அந்த வாசலுக்கு ஹார்ட்வெல் வைத்த பெயர் ‘ஸ்டார்ட்’. அதைத் தாண்டிய செல் பிரிவை முடித்தே ஆக வேண்டும், திரும்பி வர வழியில்லை. அதனால்தான் வாசலில் காவல் பலமாக இருக்கிறது. விஐ5 என்ற புரதம் பிரிவுக்கு வேண்டிய மரபணுக்களை இயங்கவிடாமல் கட்டிவைத்திருக்கும். செல் போதிய அளவு வளர்ந்து, உணவும் இருந்தால்தான் அந்தப் பிடி தளரும். அதற்குப் பிறகும் டி.என்.ஏ. நகலாவதை சிக்1 என்ற இன்னொரு புரதம் தடுத்துக்கொண்டிருக்கும். அதை அழித்தால்தான் அடுத்த அடி.

இதே காலத்தில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பால் நர்ஸ் என்ற இளைஞர் வேறொரு ஈஸ்ட்டை வைத்துக்கொண்டிருந்தார். கிழக்கு ஆப்பிரிக்கத் தினை பீரிலிருந்து 1890களில் பிரித்தெடுக்கப்பட்ட இனம் அது. மொட்டு விடாது. குச்சி வடிவில் இரு முனைகளிலும் நீளும். 14 மைக்ரோமீட்டர் நீளம் வந்ததும் நட்டநடுவில் சுவர் எழுப்பி இரண்டாகும். நர்ஸ் ஒருநாள் நுண்ணோக்கியில், பாதி நீளத்திலேயே பிரிந்துகொண்டிருந்த குட்டைச் செல்களைக் கண்டார்.

பிரிவு நின்றுபோன செல்லைத்தான் அதுவரை எல்லோரும் தேடினார்கள். ஆனால் ஒரு வேலை நின்றுபோக ஆயிரம் காரணம் இருக்கலாம். உரிய நேரத்துக்கு முன்பே அது நடந்துவிடுகிறது என்றால், நேரத்தைக் கட்டுப்படுத்தும் பொருளிலேயே கைபட்டிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சிந்தனைதான் நர்ஸின் பெரிய பங்களிப்பு என்பேன். குட்டைச் செல்லுக்குக் காரணமான மரபணுவுக்கு வீ1 என்று பெயரிட்டார். மேலும் குட்டை வகைகளைத் தேடிச் சேர்த்தார். கிடைத்ததெல்லாம் அதே வீ1 பழுதாகவே இருந்தது. சலிப்பான வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பூஞ்சை படர்ந்த ஒரு தட்டில் இன்னொரு குட்டை வகை தென்பட்டது. பூஞ்சையை நீக்கிச் சுத்தம் செய்வது பெரிய வேலை என்று தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மனம் கேட்கவில்லை. மழையில் ஆய்வகத்துக்குத் திரும்பி, குப்பையிலிருந்து அதை எடுத்தார். இதை அவரே பதிவு செய்திருக்கிறார். அந்தத் தட்டில் இருந்தது வீ1 பழுது அல்ல. சிடிசி2 என்ற வேறொரு மரபணு.

சிடிசி2 ஒருவிதமாகக் கெட்டால் செல் பிரியவே பிரியாது. இன்னொருவிதமாக மாறினால் அவசரப்பட்டுப் பிரியும். அப்படியானால் கட்டுப்பாடு இங்கேதான் இருக்கிறது. சிடிசி2 புரதம் மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றை முடுக்கிவிடும் என்சைம். அந்த சிடிசி2வின் மேலேயே வீ1 ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதை அடக்கிவைக்கும். சிடிசி25 என்ற மூன்றாவது புரதம் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றினால்தான் பிரிவு தொடங்கும். தேர் இழுக்கும்போது வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான் இருக்கிறது. வீ1 போடுவது அந்த முட்டுக்கட்டைதான்.

சியாட்டிலின் சிடிசி28ம் எடின்பரோவின் சிடிசி2ம் ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்கள் என்பது 1982ல் தெளிவானது. இந்த இரண்டு ஈஸ்ட்களுமே ஒன்றுக்கொன்று மிகத் தூரத்து உறவு. அப்படியானால் மனிதரிடமும் இது இருக்குமா? பிறகு லண்டனில் அமைந்த நர்ஸின் ஆய்வகத்தில் மெலனி லீ, சிடிசி2 பழுதாகி முடங்கிக் கிடந்த ஈஸ்ட்களுக்குள் மனித மரபணுக்களைக் கலந்து செலுத்திப் பார்த்தார். எந்தச் செல்லாவது பிழைத்துப் பெருகினால், அதற்குள் போன மனித மரபணு சிடிசி2வின் வேலையைச் செய்கிறது என்று பொருள். ஈஸ்ட்டின் பாதையும் நம் பாதையும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மரபணு வேலை செய்யும் என்று பந்தயம் கட்ட யாருக்கும் துணிவு வந்திருக்காது. சில செல்கள் பிழைத்தன. அவற்றிலிருந்த மனிதப் புரதத்தின் அமினோ அமில வரிசை, ஈஸ்ட் புரதத்தோடு 60 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனது. 1987ல் இந்த முடிவு வெளியானது. உயிரியலில் இதைவிட அழகான சோதனைகள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

சிடிசி2 தனியாக இயங்காது, கூட்டாளி வேண்டும். அந்தக் கூட்டாளி கிடைத்தது கடல் முள்ளெலியின் முட்டையில். 1982 கோடையில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் டிம் ஹன்ட், கருவுற்ற முட்டைகளில் உருவாகும் புரதங்களை நேரம் குறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாப் புரதங்களும் கூடிக்கொண்டே போக, ஒன்று மட்டும் முட்டை பிரியும் தறுவாயில் காணாமல் போனது. பிறகு மறுபடி சேர்ந்தது. அடுத்த பிரிவில் மறுபடி மறைந்தது. அதுதான் சைக்ளின். பிறகு ஈஸ்ட்டிலும் சைக்ளின்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சைக்ளின் வந்து சேரும். கட்டம் முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். அழிக்காவிட்டால் செல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஹார்ட்வெல், நர்ஸ், ஹன்ட் மூவருக்கும் 2001ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

குரோமோசோம்கள் பிரியும் கணத்தில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமாகிறது. நகலான இரண்டு குரோமோசோம்களையும் கோஹெசின் என்ற புரத வளையம் சேர்த்துக் கட்டியிருக்கும். இரண்டு திசைகளிலிருந்தும் வரும் கதிர்கோல் இழைகள் அவற்றைப் பற்றி இழுக்கும். மொட்டு விடும் ஈஸ்ட்டில் ஒரு குரோமோசோமைப் பற்றுவது ஒரே ஒரு இழைதான். ஆக, 32 பிடிகள். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் மேட்2 என்ற புரதம் அங்கிருந்து தடை எழுப்பி, செல் முழுவதையும் நிறுத்திவைக்கும். அத்தனை பிடியும் சரியான பிறகுதான் தடை விலகும். செப்பரேஸ் என்ற என்சைமை அடக்கிவைத்திருந்த புரதம் அழியும். விடுபட்ட செப்பரேஸ் கோஹெசினை வெட்டும். குரோமோசோம்கள் இரு பக்கமும் பாயும். கோஹெசின் வெட்டப்படுவதை 1999ல் வியன்னாவில் கிம் நாஸ்மித் குழு ஈஸ்ட்டில்தான் முதலில் நிறுவியது. மேட்2 இல்லாத செல் காத்திருக்காது. மகளுக்கு ஒரு குரோமோசோம் கூடவோ குறையவோ போய்ச் சேரும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது 1988ல் ஹார்ட்வெல்லும் டெட் வைனர்ட்டும் வெளியிட்ட சோதனை. எக்ஸ்ரே பட்டால் டி.என்.ஏ. உடையும். சாதாரண ஈஸ்ட் உடனே பிரிவை நிறுத்தி, உடைந்ததைச் சரிசெய்துவிட்டு, பிறகு தொடரும். ஆர்ஏடி9 மரபணு கெட்டுப்போன ஈஸ்ட் நிற்காது. உடைந்த குரோமோசோம்களோடு பிரிந்துகொண்டே போய்ச் செத்துவிடும். அதற்குப் பழுது பார்க்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டுவது எளிது. அவர்கள் அப்படி விடவில்லை. கதிர்கோல் இழைகளைக் குலைக்கும் ஒரு மருந்தைக் கொடுத்துச் செல்களைச் சில மணி நேரம் வலுக்கட்டாயமாக நிறுத்தி வைத்தார்கள். பிறகு மருந்தைக் கழுவிவிட்டார்கள். செத்திருக்க வேண்டிய செல்களில் ஏராளமானவை பிழைத்தன. பழுது பார்க்கும் திறமை அவற்றிடம் முன்பே இருந்திருக்கிறது. இல்லாமல் போனது நிற்கும் குணம் மட்டும்.

இந்த நிறுத்தங்களுக்குச் சோதனைச் சாவடிகள் என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். நம் உடலில் இந்தக் காவலைச் செய்யும் புரதங்களில் முக்கியமானது பி53. அது ஈஸ்ட்டில் இல்லை. ஆனால் ‘பழுதிருந்தால் நில்’ என்ற விதி ஒன்றே. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி53 கெட்டிருக்கிறது. ஈஸ்ட்டின் விஐ5 செய்யும் வாசல் காவலை நம்மிடம் ஆர்பி என்ற புரதம் செய்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் ஒரு பெரும் பிரிவில், சைக்ளின் டி என்ற சைக்ளினும் அதன் கூட்டாளிகளான சிடிகே4, சிடிகே6 என்சைம்களும் சேர்ந்து ஆர்பியை ஓயாமல் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த இரண்டு என்சைம்களையும் தடுத்து, ஆர்பியை மறுபடி காவலில் நிறுத்தும் மருந்துதான் பால்போசிக்லிப். அமெரிக்காவில் அதற்கு 2015ல் ஒப்புதல் கிடைத்தது. ஹார்ட்வெல்லின் முதல் சிடிசி கட்டுரை வந்தது 1970ல். நடுவில் 45 ஆண்டுகள். ஈஸ்ட்டையும் கடல் முள்ளெலியையும் வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு ஆராய்ச்சி நிதியை வெட்டுகிறவர்கள் இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மருந்து எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் அல்ல. ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் என்று பரிசோதனையில் வரும் வகையில், நோய் முற்றியோ பரவியோ இருப்பவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்துத் தருகிறார்கள். 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். வெள்ளையணுக்களைத் தரும் எலும்பு மஜ்ஜைச் செல்களும் அந்த 21 நாளில் பிரிய முடியாமல் நின்றுவிடுவதால், அவை தேறுவதற்குத்தான் இந்த இடைவெளி. இந்தியாவில் இதன் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்துவிட்டது. உள்நாட்டு நிறுவனங்களின் தயாரிப்புகள் முன்பைவிடக் குறைந்த விலையில் வந்திருக்கின்றன. வீட்டில் யாருக்காவது இந்த வகை நோய் என்று சொல்லியிருந்தால், சிடிகே4/6 தடுப்பு மருந்து பொருந்துமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.