கட்டிலின் நான்காம் கால்

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் அதன் இறுதிக் குறளில் என் உள்ளம் சற்றே தரித்து நிற்கும். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பணிசெய்வோர் என மருத்துவத்தை நான்காக வகுக்கிறார் வள்ளுவர். கட்டிலின் நான்கு கால்கள் போல்வன இவை. ஒன்று குறுகினும் கட்டில் ஆடும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையார் நோயுற்றிருந்தபோது கொடிகாமத்திலிருந்து வைத்தியசாலைக்கு நாடோறும் சென்று வந்தேன். ஒருநாள் மாலை, அவருக்கு ஏற்றவிருந்த மருந்து அவர் உடலுக்கு ஒவ்வாதது என்று குறிப்பேட்டில் எழுதியிருந்ததை இளந்தாதி ஒருத்தி கண்டாள். கண்டும் சொல்ல அஞ்சிக் கதவருகே நின்றாள்.

"ஏன் பிள்ளை, டொக்டரிட்டைச் சொல்லுமன்" என்றேன்.

"நான் எப்பிடி ஐயா சொல்லுறது?" என்றாள்.

நானே சென்று சொன்னேன். வைத்தியர் திடுக்கிட்டு மருந்தை நிறுத்தினார். அவரும் நல்லவரே, அவளும் கற்றவளே. ஒருவரோடொருவர் பேசத்தான் இருவரும் கற்றிலர்.

இக்குறையைத் தீர்க்கும் கல்விமுறை ஒன்று இன்று பல நாடுகளிலும் பரவி வருகிறது. மருத்துவ மாணவரையும் தாதிய மாணவரையும் ஓரறையிற் கூட்டிப் பாவனை நோயாளிக்குப் பணிசெய்விக்கின்றனர். 1960இல் நோர்வே நாட்டில் பொம்மை செய்யும் தொழில் நடத்திய லார்டால் என்பவர், மூச்சூட்டிப் பழகுவதற்கு ஒரு பாவை சமைத்தார். 1963இல் அமெரிக்க வைத்தியர் ஹாவார்ட் பாரோஸ், நோயாளியாக நடிப்பவரைப் பயிற்றி மாணவர் முன் நிறுத்தினார். பல துறையினரும் சேர்ந்து கற்றலின் இன்றியமையாமையை உலக சுகாதார நிறுவனம் 2010இல் வற்புறுத்தியது.

பாவைக்கு மூச்சுத் திணறுகிறது. மருத்துவ மாணவன் மருந்தின் அளவைச் சொல்கிறான். தாதிய மாணவி அதனைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்கிறாள்; அளவு தவறெனின் "நில்லுங்கள்" என்கிறாள். முடிந்தபின் யாவரும் ஆசிரியரோடு வட்டமாயிருந்து, எங்கே தவறினோம், ஏன் வாய் திறவாதிருந்தோம் என ஆராய்கின்றனர். பயிற்சியின் உயிர்நிலை அவ்வாராய்ச்சியே. அங்கே பிழைவிட்டால் மாள்வார் இல்லை. அதனாற் பின்னர்ப் பிழைப்பார் பலர்.

1848இல் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிய கிறீன் வைத்தியர், மருத்துவ நூல்களைத் தமிழாக்கிப் பின்னர்த் தமிழிலேயே பயிற்றினார். வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையே நின்ற மொழிச்சுவர் அதனால் இடிந்தது. வைத்தியருக்கும் தாதிக்கும் இடையே நிற்கும் மௌனச்சுவரை இடிப்பது நம் காலத்தார் கடன். 1978இல் தொடங்கிய மருத்துவபீடத்தோடு தாதியர் கல்வியையும் கொண்டது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். ஆதலின் இருசாராரையும் ஓரறையில் இருத்துவது நமக்கு அரிதன்று.

அன்றிரவு வீடு திரும்புகையில் ஓர் எண்ணம் என்னைச் சுட்டது. அத்தாதியும் என் போன்ற ஓர் ஆசிரியரிடம் கற்றவளே. வாய்பொத்தி நிற்பதே பணிவென்று நெடுங்காலம் கற்பித்தவன் நான்.