வெந்நீர் வலிப்பு

நரம்பணுக்கள் நுண்ணிய மின் துடிப்புகளால் தமக்குள் செய்தி பரிமாறுகின்றன. ஓரிடத்து அணுக்கள் பல ஒருங்கே கட்டுமீறித் துடிக்குமாயின் வலிப்பு உண்டாகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகக் கருவியால் பதிவு செய்தார். வலிப்பு நோயை ஆராய இப்பதிவு இன்றும் பெருந்துணையாகும்.

எனினும், இக்கருவிக்கு எளிதில் அகப்படாத வலிப்பும் உண்டு. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த கொள்ளேகாலும், அதனையடுத்த யளந்தூரும் இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளன. இவ்வட்டாரத்தை உள்ளிட்ட தென் கர்நாடகத்தில் தலைக்கு வெந்நீர் ஊற்றும்போது மட்டும் சிலருக்கு வலிப்பு வருவதுண்டு. 1945-இல் நியூசிலாந்தில் முதலில் விவரிக்கப்பட்ட இந்நோயைப் பற்றி டாக்டர் கே. எஸ். மணி குழுவினர் 1968-இல் பெங்களூரிலிருந்து எழுதினர். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்து டாக்டர் பி. சதீஷ்சந்திரா குழுவினர் 1988-இல் 279 நோயாளரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர்.

40 முதல் 50 டிகிரி சென்டிகிரேடு வரை சூடுள்ள நீரைச் செம்பால் விரைந்து தலையில் ஊற்றுவதே இதனைத் தூண்டுகிறது. ஆண்களிடமே இது மிகுதி. நோயாளி திகைத்து விழிப்பார், பொருளின்றிப் பேசுவார், அஞ்சுவார். சிலர் நிறுத்தாது நீரை ஊற்றிக்கொண்டே இருப்பர். சிலருக்குக் கைகால் வெட்டி நினைவு தப்பும். இதைப் பேய் பிடித்ததாகக் கருதுவது தவறு.

மற்ற வேளைகளில் எடுக்கும் மின்னலைப் பதிவு பெரும்பாலும் இயல்பாகவே தோன்றும். ஆகவே, “வலிப்பு குளிக்கையில் வந்ததா? நீர் எவ்வளவு சூடு?” என்று களப்பணியாளரோ ஆசிரியரோ கேட்கும் கேள்வியே நோயைக் கண்டறியும் முதற்கருவியாகும்.

பரிகாரம் எளிது. நீரின் சூட்டைக் குறைத்தல் வேண்டும். தலைக்கு நேரே ஊற்றாமல் ஈரத்துணியால் துடைக்கலாம். தேவைப்படுவோருக்கு மருத்துவர், தலை முழுகுவதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்திற்கு முன் உட்கொள்ளக் குளோபசாம் மாத்திரை தருவதுண்டு. குளிக்காத வேளையிலும் வலிப்பு வருவோர்க்கு நாள்தோறும் மருந்து தேவை. பெனோபார்பிட்டால், பெனிட்டாயின் ஆகிய மலிவான மருந்துகளைக் கொண்டே சிற்றூர்களில் வலிப்பு நோயை அடக்க இயலும் என்பதை, 2001-இல் வெளியான யளந்தூர் ஆய்வு காட்டிற்று.

வலிப்பு கண்டவரை நீரினின்றும் அடுப்பினின்றும் அகற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்தல் வேண்டும். வாயில் எதனையும் திணிக்கலாகாது. கையில் இரும்பைக் கொடுப்பதால் பயனில்லை. வலிப்பு ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடிப்பின் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. தெளிந்தபின் நிகழ்ந்தவற்றை உள்ளபடி எழுதி, அவருடன் மருத்துவரிடம் அனுப்புதல் நலம்.