பழைய கிட்டாருக்கு ஆயிரம் டாலர்தான்

அமெரிக்காவில் 1959ஆம் ஆண்டின் கிப்சன் லெஸ் பால் கிட்டார் இன்று லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. அதையே ஃபெடெக்ஸ் கூரியரில் அனுப்பினால் அறிவிக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பு 1,000 டாலர். 20 வயதைத் தாண்டிய கருவிகளுக்கும், ஒருவருக்கென்றே தனியாகச் செய்த கருவிகளுக்கும் அந்த நிறுவனம் வைத்திருக்கும் உச்சவரம்பு அது. போன மாதம் கடையில் வாங்கிய கிட்டாருக்கு இந்தத் தடை கிடையாது. வயது ஏற ஏற விலை ஏறும் பொருளுக்கு, வயதைக் காரணம் காட்டியே மதிப்பைக் குறைக்கிறார்கள்.

மதிப்பு எதையும் அறிவிக்காமல் அனுப்பினால் ஃபெடெக்ஸ், யுபிஎஸ் இரண்டிலுமே 100 டாலரோடு பொறுப்பு முடிந்தது. அமெரிக்க அஞ்சல் துறை 5,000 டாலர் வரை இன்ஷூரன்ஸ் தருகிறது. பதிவுத் தபால் என்றால் 50,000 வரை.

தனியார் கூரியரில் மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணமும் கட்டியவர், இன்ஷூரன்ஸ் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பார். அது இன்ஷூரன்ஸே அல்ல. எந்தத் தொகை வரை நிறுவனம் பொறுப்பேற்கும் என்பதற்கான ஒப்புதல், அவ்வளவுதான். பேக்கிங் சரியில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால் அந்த ஒப்புதலும் காற்றில் போகும்.

அப்படிச் சொல்வது சுலபமும்கூட. கிப்சன் கிட்டாரின் தலைப்பகுதி பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பெட்டி மல்லாக்க விழுந்தால், உடம்பு சட்டென்று நின்றுவிடும். முறுக்காணிகளின் கனத்தோடு தலை மட்டும் பின்னால் துள்ளும். கழுத்தும் தலையும் சேருமிடத்தில் மரம் மெலிதாக இருப்பதால் அங்கேதான் விரிசல் விடும். வெளிப்பெட்டியில் ஒரு கீறல்கூட இருக்காது. கீறல் இல்லாத பெட்டியைக் காட்டி இழப்பீடு கேட்பவர் பாடு திண்டாட்டம்தான்.

விமானத்தில் சரக்காகப் போனால் கணக்கு இன்னும் விசித்திரம். 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை சரக்கை மதிப்பால் பார்ப்பதில்லை, எடையால் பார்க்கிறது. சர்வதேச நாணய நிதியத்தின் எஸ்.டி.ஆர். என்ற கணக்கில், கிலோவுக்கு 26. நம் பணத்தில் 3,000 ரூபாய்க்குச் சற்று மேல். உறையோடு மூன்று கிலோ எடையுள்ள வயலின் தூள்தூளானாலும் பத்தாயிரம் ரூபாய்கூடத் தேறாது, அது எந்த நூற்றாண்டில் யார் செய்ததாக இருந்தாலும் சரி. பெட்டி கனமான வீணைக்கு இந்த விஷயத்தில் யோகம். அனுப்பும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்துக் கட்டணமும் கட்டியிருந்தால் ஒழிய இந்த வரம்பு அசையாது. விமான நிறுவனத்தின் ஆளே வேண்டுமென்று உடைத்தாலும் அசையாது. பயணியின் லக்கேஜுக்கு அப்படியில்லை, வேண்டுமென்றே செய்த சேதம் என்று நிரூபித்தால் வரம்பு உடையும். அங்கே வரம்பு ஆளுக்கு 1,519 எஸ்.டி.ஆர்., சுமார் 1.8 லட்சம் ரூபாய்.

தஞ்சாவூர் வீணைக்கு வேறொரு சிக்கல் உண்டு. அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பவை. வெயிலில் காயும் சரக்குக் கிடங்கில் மெழுகு இளகினால் மெட்டுகள் நகரும். ஊர் போய்ச் சேர்ந்ததும் மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைப் புதிதாகப் பதிக்க வேண்டும். வெளிநாட்டில் அதற்கு ஆள் தேடுவது லேசான காரியமில்லை. ஆனால் பொருளின் இயல்பாலேயே வந்த சேதத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பல்ல என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. மெழுகு இளகியதைச் சேதம் என்று ஒப்புக்கொள்ளவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இதனால்தான் தொழில்முறைக் கலைஞர்கள் கூரியரின் வரம்பை நம்பாமல் கருவிக்கென்றே தனி பாலிசி எடுக்கிறார்கள். அதில் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளலாம். ஒட்டிச் சரிசெய்த பிறகு விலை இறங்குகிறதே, அந்த இழப்பையும் தருமா என்று கேட்டுக்கொள்வது முக்கியம். பழைய வயலினில் பழுது பார்க்கும் கூலியைவிட அந்த நஷ்டமே பெரிதாக இருக்கும். சொந்தக்காரர் கூட இல்லாமல் கருவி தனியே பயணம் செய்யும்போதும் பாலிசி செல்லுமா என்பதையும் எழுத்தில் பார்த்துவிட வேண்டும்.

உடைந்தே வந்து சேர்ந்தால் பெட்டியையும் பஞ்சையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சரக்கென்றால் கையில் கிடைத்த 14 நாளுக்குள், லக்கேஜ் என்றால் 7 நாளுக்குள் எழுத்தில் புகாரை அனுப்பிவிட வேண்டும்.