கண்டிக் குளிரும் வெங்கிணாந்தி முட்டையும்

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 24, 25 பாகை செல்சியஸ். நமக்கு இதமான இந்தக் காற்று வெங்கிணாந்தி என்னும் மலைப்பாம்பின் முட்டைக்குப் போதாது. அதற்கு 31 பாகைக்குக் கிட்டிய சூடு வேண்டும். அது சீராகக் கிடைத்தால் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குஞ்சு ஓட்டைக் கீறி வெளிவரும். 27 பாகைக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் பல கருக்கள் உள்ளேயே இறந்துபோகும். தப்பிப் பிறப்பவற்றில் சில, வளைந்த முதுகெலும்போடு வரும்.

அந்தச் சூட்டைத் தாயே உண்டாக்குகிறாள். முட்டைகளைக் குவித்து, அவற்றைச் சுற்றிச் சுருண்டு, தலையை மேலே வைத்துக்கொண்டு, தசைகளைத் துடிதுடிக்க வைக்கிறாள். மலைப்பாம்பு முட்டைக்குச் சூடு கொடுக்கிறது என்று லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவில் கண்டதைப் பாரிஸ் அறிஞர்களிடம் 1832இல் சொன்னபோது, குளிர் இரத்தப் பிராணி சூடு கொடுப்பதா என்று அவர்கள் ஏற்கவில்லை. பாரிஸ் விலங்குக் காட்சிசாலையில் வலன்சியென் 1841இல் வெப்பமானி வைத்துப் பார்த்தார்; தாயின் மடிப்புகளுக்குள் வெளிக்காற்றைவிடச் சூடு கூடியிருந்தது. நியூயோர்க்கில் அடைகாத்த பர்மிய வகை மலைப்பாம்பு ஒன்றை அளந்த ஆய்வு 1966இல் வெளியானது. சுற்றுப்புறம் 33 பாகைக்குக் கீழே இறங்கியதும் துடிப்பு தொடங்கியது. குளிர் கூடக் கூடத் துடிப்பும் கூடியது. அடைகாக்கும் காலத்தில் தாய் பெரும்பாலும் இரை தொடுவதில்லை. அத்தனை சூடும் அவளுடைய உடம்புக் கொழுப்பிலிருந்து வருவது. இதைவிடப் பெரிய தாய்மையை ஊர்வனவற்றில் நான் அறியேன்.

மலைப்பாம்பு அல்லாத, முட்டையிடும் பாம்புகளுக்கு இந்த வித்தை கிடையாது. அவை இடம் பார்த்து முட்டையிடுகின்றன. நாகம் கறையான் புற்றைத் தேடுவது அதனால்தான்: வெளியே இரவு குளிர்ந்தாலும் புற்றின் உள்ளே வெப்பமும் ஈரமும் அதிகம் மாறுவதில்லை. மக்கும் இலைக்குவியலும் சாணக்குவியலும் அதே வேலையைச் செய்யும்.

வெளிநாடுகளில் வீட்டில் பாம்பு வளர்ப்போர் இந்தத் தாயின் வேலையைச் சூடேற்றும் ஒரு பெட்டியிடம் ஒப்படைக்கிறார்கள். எல்லா இனத்துக்கும் ஒரே அளவு சரிவராது. கோர்ன் ஸ்னேக் என்ற பாம்பின் முட்டைக்கு 26 முதல் 29 பாகை போதும். போல் பைத்தன் என்ற மலைப்பாம்பு வகைக்கு 31, 32 வேண்டும். சூட்டைக் கூட்டினால் கரு வேகமாக வளரும் என்பது உண்மைதான். ஆனால் 34, 35ஐத் தாண்டினால் சில மணி நேரத்திலேயே முழுத் தொகுதியும் அழிந்துவிடக்கூடும். சற்றுக் குளிர்வது அவ்வளவு கொடியதல்ல. 2022இல் இலங்கையில் மணிக்கணக்கில் மின்சாரம் நின்றதே, அப்படியொரு வெட்டில் பெட்டி மெல்ல ஆறுவதைப் பெரும்பாலான முட்டைகள் தாங்கும். வெப்பக்கட்டுப்பாடு பழுதாகிச் சூடு ஏறிக்கொண்டே போவதைத் தாங்கா. ஆகவே வெப்பமானியின் முனையைப் பெட்டியின் சுவரில் ஒட்டாமல், முட்டைகளுக்கு நடுவே வைக்க வேண்டும். கரு வளர வளர முட்டைகளும் தாமாகச் சிறிது சூடு விடும்.

ஈரமும் முக்கியம். பாம்பு முட்டையின் தோல் மெத்தென்றது, நீரை உறிஞ்சிப் பருக்கும், காய்ந்தால் குழிவிழும். கோழி முட்டையைத் திருப்புவதுபோல் இதைத் திருப்பவும் கூடாது. இட்ட சிறிது நேரத்திலேயே கரு மேற்பக்கத் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. புரட்டினால் இறக்கலாம்.

கொஸ்கொடக் கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காப்பவர்களுக்கு வெப்பம் இன்னொரு கணக்கையும் வைக்கிறது: மணல் சூடானால் பெண் குஞ்சுகள் கூடும். முதலைகளிலும் பாலை நிர்ணயிப்பது கூட்டின் வெப்பம்தான். பாம்புகளில் அப்படியில்லை. ஆணா பெண்ணா என்பதை மரபணு முன்பே முடிவுசெய்துவிடும். வெப்பம் முடிவுசெய்வது குஞ்சு பிழைக்குமா, நலமாயிருக்குமா என்பதையே.

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் உரக்குவியலைக் கிளறும்போது வெள்ளை முட்டைகள் தட்டுப்படுவதுண்டு. பலநேரம் அவை எலியைத் தின்று தோட்டத்துக்கு உதவும் சாரையினுடையவை. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் மின்குமிழின் கீழ் வைத்துப் பார்க்க ஆசை வரலாம். வேண்டாம். அவை மலைப்பாம்பினதாக இருந்தால், அது நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதன் முட்டையை எடுப்பது குற்றம். சாரையினதாக இருந்தாலும், தாய் தேர்ந்த குவியலின் சூட்டை நம் மின்குமிழ் தராது. நாகத்தினதாக இருந்தால் தாய் பக்கத்திலேயே காவல் இருக்கக்கூடும். ஆகவே, கிளறிய குவியலைத் தள்ளி நின்றே மண்வெட்டியால் மெல்ல மூடிவிட்டு, அந்தப் பக்கம் இரண்டு மாதம் வேலை செய்யாமல் விடுங்கள். குவியலை அகற்றியே ஆக வேண்டுமென்றால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.